இந்த வருஷம் நீ கைவைத்துக் கேட்ட பிளேட்டுகள்

என் மகனுக்கு,

நீ இதைப் படிக்கிறபோது என்னைவிட மூத்தவனாக இருப்பாய். எனக்கு இப்போது பதினெட்டு நடக்கிறது. உனக்குப் பதினோரு மாதம். நாளை மூன்று ராஜாக்கள் திருநாள். அதற்கு மறுநாள் காலையில் உன் அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, உன்னைத் தூக்கிக்கொண்டு பிரான்சுக்குப் போகிறார். உன் அப்பா அங்கேதான் வேலையில் இருக்கிறார். உனக்கு வேண்டிய காகிதங்கள் எல்லாம் வந்துவிட்டன. எனக்கு வரவில்லை. ஒதியம்பட்டு வீட்டு வாசலில் உன்னை வண்டி ஏற்றிவிட்டு நான் திரும்பி உள்ளே வரவேண்டும். உள்ளே வந்து என்ன செய்வது என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

உனக்குக் காது கேட்காது. படிக்கிற வயதில் இது உனக்குப் புதுச் செய்தியாக இருக்காது. எனக்குத் தெரிந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்காகத்தான் உன்னை அங்கே கொண்டுபோகிறார்கள். அங்கே அதற்கென்று ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இருக்கிறதாம். இந்தக் கடிதத்தை யார் உனக்குப் படித்துச் சொல்வார்கள் என்று யோசித்தேன். படித்துச் சொன்னாலும் உனக்குக் கேட்காது. நீயே படிக்கலாம் என்றால், அங்கே உனக்குத் தமிழ் யார் சொல்லித்தரப் போகிறார்கள்? இருந்தாலும் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் வைக்கப்போகிறேன். தமிழ் தெரிந்த யார் கையில் கிடைத்தாலும் அவர் படிக்கட்டும். படித்தவர் உனக்குக் கையாலோ படம் வரைந்தோ ஏதாவது ஒரு வழியில் சொல்லட்டும்.

பிள்ளைக்கு எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளிடம் அது கொஞ்சம்தான் இருக்கும். அதற்குப் பதிலாக என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. உன் அப்பா அங்கே நான்கு பேரோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறார். அந்த ஊரில் ஒரு சந்துக்குள் சின்னக் கடை ஒன்று உண்டாம். பெரிய கம்பெனிக்காரர்கள் போடாத பாட்டுப் பிளேட்டுகளை மட்டும் அங்கே விற்பார்களாம். பாடுகிறவர்களே சொந்தச் செலவில் பதிந்து, அட்டையையும் தாங்களே வெட்டி ஒட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். ரேடியோவில் அந்தப் பாட்டெல்லாம் வராது. ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் அந்த அறையில் இருப்பவர்கள், அந்த வருஷம் தங்களுக்குப் பிடித்த பிளேட்டுகளை ஒன்று, இரண்டு என்று வரிசைபோட்டுக் காகிதத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு, அதை வைத்துச் சண்டை போட்டுக்கொள்வார்களாம். கல்யாணமான வருஷமே எனக்கும் எழுதினார்: “உன் லிஸ்டையும் அனுப்பு. வெட்கப்படாதே. யாரும் சிரிக்க மாட்டார்கள்.” நான் அனுப்பவில்லை. எனக்கு அந்த அட்டைகளில் இருக்கும் பெயர்களைப் படிக்கத் தெரியாது. மரம் போட்டது, படகு போட்டது என்று எழுதி அனுப்பினால் அந்த நான்கு பேரும் என்ன நினைப்பார்கள் என்று விட்டுவிட்டேன். இந்த வருஷம் அவர் கேட்கவில்லை. உன் காது விஷயம் அதற்குள் அவருக்குப் போய்விட்டது. அவர் கேட்காததால்தான் எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் இதில் இருக்கும் வரிசை என்னுடையது இல்லை. நீ போட்டது.

பிளேட்டு சுற்றுகிற பெட்டியை உன் அப்பா கல்யாண லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தார். மூடியைத் திறந்தால் அதிலேயே ஒலிபெருக்கி இருக்கும். அவர் இருந்தது ஐம்பது நாளும் மேலே சில நாளும். அதில் பாதி நாள் எங்களுக்குப் பேச ஒன்றும் கிடைக்காது. எனக்குப் பேச வராது, அவருக்கு அதைப் பார்த்துப் பேச வராது. அதனால் பிளேட்டைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்போம். அவர் போனபிறகு நானே போட்டுக் கேட்டேன். நீ பிறந்தபிறகு உன்னைப் பாயில் போட்டுப் பெட்டியை உன் பக்கத்தில் தரையிலேயே வைத்தேன். ஊருக்குப் போய்வருகிற ஆட்கள் கையில் அவர் மேலும் மேலும் பிளேட்டு கொடுத்தனுப்பினார். உன் முதல் வருஷத்தில் வந்தவை ஐந்து.

முதலில் வந்தது கழுதைப் பிளேட்டு. அட்டையில் ஒரு ஆள் கழுதையோடு நிற்பான். இரண்டு பேரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள். அந்த ஆள் ஒருவனே ஏதோ தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு, கூடவே காலால் பலகையை மிதித்துக்கொண்டு பாடுவான். அவன் பாட்டு உனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவன் மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் உன் கால் கட்டைவிரல் விரியும். அப்போது உனக்கு மூன்று மாதம். நான் உன் அப்பாவுக்கு எழுதினேன், பிள்ளைக்குத் தாளம் தெரிகிறது என்று. அவர் அந்தக் கடிதத்தை அறைக் கதவில் ஒட்டிவைத்தாராம்.

அடுத்தது கொடியில் துணி காய்கிற படம். மூன்று பெண்கள் வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுவார்கள். ஒருத்தி தொடங்குவாள், மற்ற இரண்டு பேரும் அவளை விட்டுப் பிரிந்து மேலே மேலே போய், எங்கேயோ வந்து சேர்ந்துகொள்வார்கள். என் வரிசையில் அதுதான் முதல். அதைக் கேட்டால் எனக்கு என் ஊர் பண்டசோழநல்லூரில் நாற்று நடுகிறபோது என் சித்திகள் ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்துக் குரல் கொடுப்பது ஞாபகம் வரும். நான் மட்டும் குனிந்தபடியே வாய் திறக்காமல் நட்டுக்கொண்டு போவேன். “ஏண்டி, உன் வாய இன்னா தச்சுட்டாங்களா?” என்பாள் சின்னச் சித்தி. அந்தப் பிளேட்டைப் போட்டால் நீ உடனே வேறு பக்கம் புரண்டுவிடுவாய். பெட்டியைக் கையால் தள்ளுவாய். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. நான் ஆசைப்பட்ட ஒன்று உனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று. மெல்லிய குரல்கள் பெட்டியின் பலகையை அசைக்காது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாவது உடைந்து வந்தது. ஓரத்தில் யாரோ கடித்துத் தின்றதுபோல ஒரு துண்டு இல்லை. வெளிப்பக்கத்துப் பாட்டுகள் போய், உள்ளே இருந்த இரண்டு மட்டும் மிச்சம். அதில் ஒருவன் அழுவதுபோலப் பாடுவான். அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய தம்புராபோல ஏதோ இழுத்துக்கொண்டே இருக்கும். அது உனக்குப் பிடிக்கும், ஆனால் கரும்புக்குத் தண்ணீர் விடுகிற நேரத்தில் மட்டும். நம் வீட்டைச் சுற்றி இருக்கிற கொல்லைகளில் எல்லாம் மோட்டார் ஓடத் தொடங்கியதும் வீட்டுக் கரண்ட் இறங்கிவிடும். பல்பு பழுத்த மிளகாய்போல ஆகும். பிளேட்டும் சோர்ந்துபோய்ச் சுற்றும். அழுகிறவன் குரல் எருமை கத்துவதுபோலத் தடித்துப்போகும். நீ அப்போது வாயைத் திறந்து சத்தம் இல்லாமல் சிரிப்பாய். மோட்டார் நின்று அவன் சரியாகப் பாடத் தொடங்கினால் உன் முகம் சுண்டிவிடும்.

நான்காவது கறுப்புக் குடை. முழுக்கத் தோல் வாத்தியம். அதில் ஓர் இடத்தில் கீறல் இருந்தது. முள் அங்கே வந்தால் அதே நான்கு அடியை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். உன் அப்பாவின் அப்பா, உன் தாத்தா, அடுத்த அறையிலிருந்து, “தள்ளிவுடு பொண்ணே, மண்டை வெடிக்குது” என்று கத்துவார். உனக்காக நான் தள்ளாமல் விட்டிருக்கிறேன். இரண்டு கையையும் பெட்டியின் பலகையில் வைத்துக்கொண்டு, அந்த நான்கு அடிக்கும் நீ தலையை ஆட்டுவாய். கால் மணி நேரம் ஆனாலும் உனக்கு அலுக்காது.

உன் வரிசையில் முதலாவது நீல அட்டை. அதில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் நீலம். பிளேட்டிலும் பாட்டு என்று எதுவும் இல்லை. ஒரு பக்கம் முழுக்க ஒரே கனத்த சத்தம், மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். உன் தாத்தா முதல்முறை கேட்டுவிட்டு, “இன்னாது இது, ரைஸ் மில்லுல போய்ப் பதிஞ்சானா உன் புருஷன்?” என்றார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. பாட்டென்றால் அவருக்குப் பட்டாளப் பேண்டுதான். கிருமாம்பாக்கத்திலிருந்து மைக்செட் வைக்கிறவர் ஒருவர், பிரான்சிலிருந்து புதுப் பிளேட்டு வந்திருக்கிறதாமே, கோயில் திருநாளுக்குப் போட வேண்டும் என்று கேட்டு வந்தார். தாத்தா வேண்டுமென்றே இந்த நீலத்தைப் போட்டுக் காட்டினார். அந்த ஆள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “எப்பங்க பாட்டு ஆரம்பிக்கும்?” என்றார். “இதான்பா பாட்டு” என்றார் தாத்தா. “பெரியவரே, இதப் போட்டா தேரு நகராது. சனம் என்னியத்தான் தேருல கட்டி இழுக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தாத்தா அன்றைக்கு முழுவதும் சிரித்தார். நீ அந்த நேரம் முழுக்கப் பெட்டியின் பக்கப் பலகையில் வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தாய். கண் பாதி மூடியிருந்தது. அத்தனை சுகமாக நீ இருந்து நான் பார்த்ததே இல்லை. தெருவில் எல்லோரும் உன்னைப் பாட்டுப் பைத்தியம் என்று சொல்லத் தொடங்கினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஏழாம் மாதம் தவழத் தொடங்கினாய். கரண்ட் ஒயரைப் பிடித்து இழுத்துவிடுவாய் என்று தாத்தா பெட்டியைத் தூக்கிப் பீரோவின்மேல் வைத்தார். “அங்கருந்தே கேக்கட்டும், வூடு முழுக்கக் கேக்குமே” என்றார். நீல அட்டையைத்தான் போட்டேன். நீ தரையில் உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தாய். திரும்பவே இல்லை. விளையாட்டில் இருக்கிறாய் என்று நினைத்தேன். மறுநாள் கறுப்புக் குடை. அதற்கும் திரும்பவில்லை. மூன்றாம் நாள் உன் முதுகுப் பக்கம் உட்கார்ந்து இரண்டு கையையும் தட்டினேன். பிறகு சோற்றுக் குண்டானைக் கரண்டியால் அடித்தேன். அடுத்த வீட்டு நாய் எழுந்து குரைத்தது. நீ மூடியை உருட்டிக்கொண்டிருந்தாய். குண்டானைத் தரையில் போட்டேன். தரை அதிர்ந்தது, நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதில் இது ஒன்று. தாத்தா வெளியே போனதும் பெட்டியை இறக்கித் தரையில் வைப்பேன், நீ தவழ்ந்து வந்து கைவைப்பாய். அவர் வருவதற்குள் மேலே ஏற்றிவிடுவேன். யாராவது உன்னைப் பேர்சொல்லிக் கூப்பிடும்போது நான் உன் இடுப்பை மெதுவாகத் திருப்பிவிடுவேன். “பாரு, கூப்டா எப்படித் திரும்புறான்” என்பார்கள். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. நான் ஏன் மறைத்தேன் என்று கேட்டால், சொன்னால் ஏதாவது நடக்கும் என்று பயம். நடப்பது எதுவும் என் கையில் இருக்காது என்று தெரியும்.

காகிதக் கதையையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது வேறு மாதிரி சொல்லலாம். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது. அங்கே போவதற்கு அது போதாது, ஆபீசிலும் பதிய வேண்டும். என் பிறப்பை என் வீட்டில் யாரும் பதியவில்லை. ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு தேதி இருந்தது. பள்ளியில் சேர்க்கும்போது வயது பற்றாது என்று வாத்தியார் வேறு தேதி போட்டிருந்தார். இரண்டையும் பார்த்துவிட்டு அந்த ஆபீஸ்காரர் என்னையே கேட்டார்: “உனுக்கு இன்னா வயசும்மா? நீயே சொல்லு, எழுதிக்கிறேன்.” நான் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியாமல் இல்லை. வாய் வரவில்லை. உன் அப்பா, “சொல்லு, சொல்லு” என்று மெதுவாக இடித்தார். அந்த ஆள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோர்ட்டில் வயசுக்குத் தீர்ப்பு வாங்கி வாருங்கள் என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லீவு முடிந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் போய்விட்டார். நீ பிறந்ததும் உன்னைத் தன் பிள்ளை என்று அங்கிருந்தே எழுதிக் கொடுத்துப் பதிந்துகொண்டார். ஆகவே காகிதப்படி நீ அவருக்கு மகன், நான் யாருக்கும் யாரும் இல்லை. ஒரு சொல் சொல்லியிருந்தால் நாளை மறுநாள் உன் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்திருப்பேன்.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி இங்கேதான் வருகிறது. கேட்காததைக் கேட்டதுபோலத் தலையாட்டாதே. எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். இருந்தும் வாழ்க்கை முழுக்கத் தலையாட்டித்தான் வந்திருக்கிறேன். எதிரில் இருப்பவர் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதற்காக ஆட்டுவேன். அவர் போய்விடுவார், அவர் சொன்னது நம் தலையில் நின்றுவிடும். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று காட்டு. திரும்பக் கேள். அவர்களுக்கு எரிச்சல் வந்தால் வரட்டும்.

உன் அத்தை கல்லறைத் திருநாளுக்குப் பிரான்சிலிருந்து வந்தார். அவர் அம்மாவின் கல்லறைக்கு வெள்ளை அடித்துப் பூ வைக்க மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவருக்குப் பிள்ளை இல்லை. உனக்கு ஒரு சின்ன ஊதல் வாங்கி வந்திருந்தார். உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் காதுப் பக்கம் ஊதினார். நீ அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாய். மறுபடி ஊதினார். நான் அடுப்படி வாசலில் இருந்தேன், உன் இடுப்பைத் திருப்ப எனக்குக் கை எட்டவில்லை.

“இன்னாடா, அத்த ஊதுறேன், மதிக்க மாட்டேங்கிற? சொல்தா பேரன்னு திமிரா?” என்றார் அத்தை.

“பாட்டுன்னா வுழுந்து கெடப்பான். ஊதலெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டா?” என்றார் தாத்தா.

அத்தை மூன்றாவது முறை ஊதுவதற்கு வாயில் வைத்தார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “அவனுக்குக் காது கேக்காது, அண்ணி” என்றேன். இந்த வீட்டுக்கு வாழவந்து நானாக முதலில் சொன்ன பேச்சு அதுவாகத்தான் இருக்கும். “பொறந்ததுலருந்தே கேக்காது. எனக்குத் தெரியும்.”

என்னிடம் வயதைக் கேட்டபோது நான் பேசவில்லை. யாரும் கேட்காதபோது பேசிவிட்டேன். இந்த இரண்டில் எது பெரிய தப்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீ பெரியவனாகி எனக்குச் சொல்.

அதற்குப் பிறகு எல்லாம் மற்றவர்கள் கையில் போயிற்று. டவுனில் டாக்டரிடம் போனோம். அவர் ஒரு கிண்ணியை உன் பின்னால் தட்டிப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறவியிலேயே வந்தது, இங்கே செய்ய அதிகம் இல்லை, அங்கே என்றால் கருவி வைப்பார்கள், சின்ன வயதிலேயே வாய்ப்பேச்சுப் பழக்குவார்கள், தாமதிக்க வேண்டாம் என்றார். தெருவில் வேறு டாக்டர்கள் இருந்தார்கள். “ராவும் பகலும் காதோரம் பொட்டியப் போட்டா பிஞ்சுக் காது தாங்குமா? அந்தப் பைத்தியக்காரப் பாட்டுதான் புள்ள காதைத் தின்னுடுச்சு” என்று எதிர் வீட்டு அம்மா எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். அன்றைக்குத் தாத்தா பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றினார். டாக்டர் அப்படி இல்லை என்று சொன்னதை அத்தை அவருக்கு எடுத்துச் சொன்னார். “இல்லதான், எனுக்கும் தெரியும்” என்றார் தாத்தா. ஆனாலும் இறக்கவில்லை. இப்போதும் பரண்மேல்தான் இருக்கிறது. நீ சில நாள் பீரோவின் அடியில் போய் நின்று பலகையில் கைவைத்துப் பார்த்தாய். பிறகு போவதை விட்டுவிட்டாய். உன் அப்பாவிடமிருந்து தந்தி வந்தது, பிள்ளையை அனுப்பவும் என்று. பின்னாலேயே கடிதம். அடுத்த லீவில் என் காகிதத்தை முடித்து என்னையும் அழைத்துக்கொள்வாராம். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் அடுத்த லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. அதற்குள் நீ யாரையாவது அம்மா என்று காட்டப் பழகியிருப்பாய்.

அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு வழி இருக்கிறதா என்று பங்குச் சாமியாரிடம் கேட்கப் போனேன். கோயில் வரைக்கும் போய், அவர் யாரோடோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? இங்கே வைத்துக்கொண்டு நான் உனக்கு என்ன கொடுப்பேன்? பரண்மேல் கட்டிப்போட்ட ஒரு பெட்டி. அதையும் இறக்க எனக்குத் தைரியம் இல்லை.

இதோடு நிறுத்துகிறேன். நீ பாலுக்கு அழுகிறாய்.

இன்று திருநாள். பூசையும் சாப்பாடும் முடிந்து வந்து மிச்சத்தை எழுதுகிறேன். நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒன்றை விட்டிருக்கிறேன். மறந்துபோய் விடவில்லை, தெரிந்தேதான் விட்டேன்.

போன வாரம் உன் அத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பால் எத்தனை மணிக்கு, கஞ்சியில் உப்பு உண்டா, எந்தப் பக்கம் படுப்பான், ஜுரம் வந்தால் முகம் எப்படி இருக்கும். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவர் பொறுமையான ஆள். என்னைத் திட்டியதே இல்லை. “நீ சொல்லச் சொல்ல எனுக்கு பயமா கீது” என்றார் ஒருமுறை. கடைசியில், “எப்டி தூங்க வைப்ப?” என்று கேட்டார். “தானா தூங்கிடுவான், அண்ணி” என்றேன்.

அது பொய். பரணில் பெட்டி ஏறிய பிறகு நீ பகலில் தூங்கவே இல்லை. ஒரு நாள் நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தேன். உன் கை தவறி என் தொண்டையில் பட்டது. அங்கேயே வைத்துக்கொண்டாய். நான் முனகுவதை நிறுத்தினால் விரலால் தட்டுவாய், இன்னும் என்று. யாருக்கும் முன்னால் பாடியிராத நான் அன்றிலிருந்து தினமும் உனக்காகக் கட்டைக் குரலில் முனகுகிறேன். துணிக்கொடிப் பெண்களின் மெட்டைக்கூட அடிக்குரலில் இறக்கிப் பாடிப் பார்த்தேன், ஒத்துக்கொண்டாய். இதை நான் நோட்டில் எழுதவிடவில்லை. மற்ற எல்லாம் கொடுத்தாயிற்று, இது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீ அவரிடம் தூங்காமல் அழுதால், இந்தப் பிள்ளையைக் கொண்டுபோக முடியாது என்று அவரே சொல்லிவிடலாம் இல்லையா?

இன்று மத்தியானம் திருநாள் சாப்பாடு முடிந்ததும் அத்தை உன்னைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார். இன்றிலிருந்து அவரிடம் தூங்கிப் பழக வேண்டும் என்றார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நீ அழத் தொடங்கினாய். அழுகை ஏறிக்கொண்டே போனது. அவர் தூக்கி நடந்தார், தட்டினார், ஜன்னலைக் காட்டினார், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். தாத்தா எழுந்து வெளியே போய்விட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். உள்ளே போகவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உன் குரல் கம்மிப்போயிற்று. அழுகிறபோது உன் அழுகை உனக்கே கேட்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எட்டிப் பார்த்தேன். அத்தை கட்டிலில் உட்கார்ந்து அவரும் அழுதுகொண்டிருந்தார். “எங்கிட்ட வர மாட்டேங்கிறாண்டி” என்றார் என்னைப் பார்த்து. “ப்ளேன்ல இன்னா பண்ணுவேன்? அங்க போயிதான் இன்னா பண்ணுவேன்? பேசாம வுட்டுட்டுப் போயிடட்டுமா?”

நான் எதிர்பார்த்து நின்ற சொல் அதுதான். ஆம் என்று தலையாட்டினால் போதும். தலையாட்ட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் வலது கையை எடுத்து, விரலைப் பிரித்து, அவர் தொண்டைக் குழிக்கு மேலே வைத்தேன்.

“பாடுங்க, அண்ணி” என்றேன்.

“இன்னா பாடுறது? எனுக்கு ஒரு பாட்டும் தெரியாதே.”

“எதுவானாலும் சரி. கட்டைக் குரல்ல. நிறுத்தாம.”

அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில் ஜெபமாலையைத்தான் முனகத் தொடங்கினார். முதலில் அழுகையோடு குரல் மேலே மேலே போயிற்று. இன்னும் கீழே, இன்னும் கீழே என்று கையால் காட்டினேன். குரல் இறங்கியது. உன் விரல்கள் அங்கே இங்கே தேடி ஓரிடத்தில் நின்றன. தேம்பல் இரண்டு முறை வந்தது, பிறகு இல்லை. என்னை ஒருமுறை பார்த்தாய். அப்புறம் அவர் கழுத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். மாலையின் இரண்டாவது பத்து மணிகளை அவர் சொல்லி முடிப்பதற்குள் உன் வாய் திறந்துவிட்டது, தூங்கிவிட்டாய்.

அத்தை முனகுவதை விடாமல், உன் கையை எடுத்துக் கீழே வைக்கலாமா என்று கண்ணால் என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். எடுத்தால் நீ விழித்துக்கொள்வாய்.